வியர்வை தோற்ற இடத்தில் தண்ணீர்

விண்வெளி உடைக்குள் இருப்பவருக்குப் பெரிய தொல்லை குளிர் அல்ல, சூடு. சுற்றிலும் காற்றில்லாததால் உடம்புச் சூட்டை வாங்கிக்கொள்ள ஆளில்லை. போதாததற்கு, உடையே பல அடுக்குகளால் ஆனது. பிளாஸ்கில் ஊற்றிய காபிபோல மனிதர் உள்ளே வெந்துகொண்டிருப்பார். கடினமாக உழைக்கும் உடம்பு சில நூறு வாட் வெப்பத்தை வெளியே தள்ளும்.

தொடக்கத்தில் இதற்கிருந்த ஒரே வழி காற்றோட்டம். உடைக்குள் ஆக்சிஜனை ஓடவிட்டால் வியர்வை காயும், உடம்பு குளிரும். இந்தக் கணக்கு எங்கே உதைத்தது என்பது 1966 ஜூன் 5 அன்று ஊரறியத் தெரிந்தது. அமெரிக்காவின் ஜெமினி 9ஏ விண்கலத்திலிருந்து வெளியே வந்த விண்வெளி வீரர் யூஜீன் செர்னான், பிடிமானமில்லாமல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போராடினார். வியர்வை காயவில்லை, முகக் கண்ணாடியில் ஆவி படிந்து கண்ணை மறைத்தது. மூக்கு நுனியால் கண்ணாடியைத் தேய்த்து, அந்தச் சிறு இடைவெளி வழியே வழி பார்த்துத் திரும்பினார்.

இந்தத் தவிப்பிலிருந்துதான் புது உடை பிறந்தது என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். ஆனால் உண்மை அப்படியில்லை. 1960களின் தொடக்கத்திலேயே இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் இருந்த ராயல் ஏர்கிராஃப்ட் எஸ்டாபிளிஷ்மெண்டில் பர்ட்டன், கோலியர் என்ற இருவர் விமானிகளுக்காக ஓர் உள்ளாடை செய்திருந்தார்கள். மெல்லிய பிளாஸ்டிக் குழாய்களை உடம்போடு ஒட்டவைத்து, அவற்றில் குளிர்ந்த நீரை ஓடவிட்டார்கள். நீர் காற்றைவிடப் பல மடங்கு வெப்பத்தைச் சுமக்கும். வியர்க்கவே விடாமல் சூட்டை வாரிக்கொண்டு போகும். நிலவுக்குப் போகும் அப்பல்லோ பயணங்களின் உடைக்குக் காற்று மட்டும் போதாது என்று கண்டுகொண்ட அமெரிக்கப் பொறியாளர்கள், செர்னான் வெளியே மிதப்பதற்கு முன்பே இந்த வழிக்கு மாறியிருந்தார்கள்.

சரி, நீர் அள்ளிவந்த சூட்டை எங்கே கொட்டுவது? எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். முதுகுப் பெட்டியில் நுண்துளைகள் கொண்ட நிக்கல் தகடு ஒன்று. அதன் துளைகளுக்குள் வேறொரு தொட்டியின் நீர் கசியும். மறுபக்கம் வெற்றிடம் என்பதால் அந்த நீர் உறைந்து பனிக்கட்டியாகும். பனிக்கட்டி உருகாமலே நேராக ஆவியாகிப் பறக்கும். போகும்போது குழாய் நீரின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். சூடு கூடினால் பனி வேகமாக ஆவியாகும், குறைந்தால் மெதுவாக. தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் ஏற்பாடு! எவ்வளவு குளிர்ச்சி வேண்டும் என்பதை மூன்று நிலைகள் கொண்ட ஒரு வால்வைத் திருப்பி நிலா மனிதர் தேர்ந்தெடுக்கலாம்.

1969 மார்ச்சில் அப்பல்லோ 9 பயணத்தில் ரஸ்டி ஷ்வைக்கார்ட் இந்த முதுகுப் பெட்டியோடு வெளியே நின்று பார்த்தார். 1972 டிசம்பரில் அதே செர்னான், அப்பல்லோ 17இன் தலைவராக, நிலவில் கலத்தை விட்டு மூன்று முறை வெளியே வந்து மொத்தம் 22 மணி நேரம் மண்ணும் பாறையும் சேர்த்தார்.

ஆனால் செவ்வாயில் இந்த நிக்கல் தகடு கைகொடுக்காது. அங்கே மெல்லிய காற்று உண்டு; அதன் அழுத்தம் சராசரியாக 6 மில்லிபார். நீர் பனியாக உறைந்து நேராக ஆவியாக வேண்டுமானால் அழுத்தம் இதைவிட நன்றாகக் குறைய வேண்டும். அதனால் உறையவைக்காமல், நுண்ணிழைச் சவ்வுகள் வழியே நீரை ஆவியாக்கும் கருவியை நாசா சோதித்திருக்கிறது. உள்ளாடைக் குழாய்கள் அப்படியே தொடரும். மாறப்போவது முதுகுப் பெட்டிதான்.