பிள்ளையை நடத்தும் இயந்திரம் யாருக்காக வந்தது?

பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளுக்கு நடைப்பயிற்சி தரும் ரோபோ, அந்தப் பிள்ளைகளுக்காகவே பிறந்தது என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். அதன் வரலாறு வேறு. 1987இல் மான்ட்ரியாலில் பார்போ, ரொசிஞோல் என்ற இருவர், தண்டுவடம் துண்டிக்கப்பட்ட பூனைகளை டிரெட்மில்லில் விடாமல் பழக்கினால் பின்னங்கால்கள் மறுபடி அடியெடுத்து வைக்கும் என்று காட்டினார்கள். அந்தத் தெம்பில் தொண்ணூறுகளில் ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் தண்டுவடத்தில் அடிபட்டவர்களைப் பட்டைகளில் தாங்கி, உடல் எடையில் ஒரு பங்கைக் குறைத்து, டிரெட்மில்லில் நடக்க வைத்தார்கள். கால்களைத் தூக்கி வைத்தவை மனிதக் கைகள். ஆளுக்கொரு பக்கம் பிசியோதெரபிஸ்டுகள் குனிந்து உட்கார்ந்து அடிக்கு அடி காலை நகர்த்த வேண்டும். நோயாளிக்குத் தெம்பு மிச்சமிருக்கும்போதே அவர்களுடைய இடுப்பு ஒடிந்துவிடும், பயிற்சியும் நின்றுவிடும். இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் சூரிக்கின் பால்கிரிஸ்ட் மருத்துவமனையில் கெரி கொலம்போவும் உடனிருந்தவர்களும் இடுப்பிலும் முழங்காலிலும் மோட்டார் வைத்த கால் சட்டத்தை உருவாக்கினார்கள். அதுதான் லோகோமாட். தீர்ந்தது முதலில் சிகிச்சை தருபவரின் களைப்பு.

பிள்ளைகள் பிறகுதான் வந்தார்கள். தொடை எலும்பு 21 சென்டிமீட்டர் நீளமிருந்தாலே பொருந்தும் சிறிய சட்டங்கள் செய்யப்பட்டன. நான்கு வயதை ஒட்டிய பிள்ளைகளாலும் ஏற முடிந்தது. சூரிக் குழந்தைகள் மருத்துவமனை மருத்துவர்கள் 2007இல் தங்கள் தொடக்க அனுபவத்தை வெளியிட்டார்கள். சட்டத்தைச் சிறிதாக்கியதோடு வேலை முடிந்துவிடவில்லை. பூனைக்குச் சேதம் தண்டுவடத்தில். பிள்ளைக்கு மூளையில், பெரும்பாலும் பிறப்பதற்கு முன்போ பிறப்பை ஒட்டியோ. இழந்த நடையை மீட்பது ஒன்று, ஒருநாளும் நடந்தறியாத உடல் நடையைக் கற்பது இன்னொன்று. கற்பவர் தானே முயன்றாக வேண்டும்; பழைய இயந்திரமோ முயலாதவரையும் அச்சுப் பிசகாமல் நடத்திவிடும்.

இது வெறும் ஊகமல்ல. 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், தண்டுவடம் ஓரளவு பாதிக்கப்பட்டவர்கள் சிகிச்சையாளர் உதவியோடு நடந்ததைவிட ரோபோவில் நடந்தபோது குறைவான ஆக்சிஜனே செலவழித்தார்கள். முழு முயற்சி எடுக்கச் சொன்னதும் அந்த வித்தியாசம் சுருங்கியது. பக்கவாதம் வந்தவர்களிடம் ஹார்ன்பி குழு 2008இலும் ஹிட்லர் (Hidler) குழு 2009இலும் சிகிச்சையாளர் தரும் பயிற்சியோடு செய்த ஒப்பீடுகளில் ரோபோ பின்தங்கியது. இவர்கள் பெரியவர்களாயிற்றே, பிள்ளையின் மூளை எளிதில் வளையுமே என்று கேட்கலாம். நியாயம்தான், பெரியவர்களின் முடிவை அப்படியே பிள்ளைகள்மேல் ஏற்ற முடியாது. ஆனால் வளையும் மூளைக்கும் முயற்சி தேவை. சும்மா இருந்தாலே கற்றுக்கொள்ளும் என்பதற்கு இந்த வாதத்தில் ஆதாரமில்லை. திரையில் பந்து விளையாட்டு வைத்தால் பிள்ளைகள் ஆர்வமாக உழைக்கிறார்களே என்பது இன்னொரு பதில். உண்மை, 2010இல் சூரிக் ஆய்வாளர்களே அதைக் காட்டினார்கள். அது என் பக்கத்துக்குத்தான் வலுச் சேர்க்கிறது: பலன் தருவது பிள்ளையின் உழைப்பு என்று அவர்களும் கண்டுகொண்டதால்தானே விளையாட்டைச் சேர்த்தார்கள்! தேவைப்படும்போது மட்டும் உதவும் நிரல்கள் உருவானதும் இதனால்தான்.

ஆள் பற்றாக்குறை உள்ள இடத்தில், கைகளால் தர முடியாத அளவு அடிகளை இயந்திரம் தரும் என்பதை நான் மறுக்கவில்லை. அதற்காகத்தானே அது வந்தது. ஆனாலும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளை எத்தனை அடி நடந்தது என்று சொல்லும் திரையோடு நின்றுவிடாதீர்கள். அதில் எவ்வளவு பிள்ளையின் உழைப்பு, எவ்வளவு மோட்டாரின் உழைப்பு என்று சிகிச்சையாளரிடம் கேளுங்கள்.