போஸ் ஃபிராய்டுக்கு எழுதிய மறுப்பு

ஹைதராபாத்தில் தனிநபருக்கும் தம்பதியருக்கும் வழங்கப்படும் உளஇயக்கச் சிகிச்சையை, அண்மையில் மேற்கிலிருந்து வந்த முறையாகவே மாணவர் பலர் கருதுகின்றனர். உண்மையில் அதன் இந்திய வரலாறு நூறாண்டைக் கடந்தது.

கல்கத்தா மருத்துவர் கிரீந்திரசேகர் போஸ், உள ஒடுக்கம் பற்றி 1921இல் வெளியான தம் ஆங்கில நூலை வியன்னாவிலிருந்த ஃபிராய்டுக்கு அனுப்பினார். 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். 1937 வரை தொடர்ந்த கடிதப் போக்குவரத்தில் இருவரும் நேரில் சந்திக்கவே இல்லை.

போஸ் வெறும் மாணவராக எழுதவில்லை. ஒவ்வொரு விழைவுக்கும் நனவிலியில் ஓர் எதிர்விழைவு உண்டு என்பது அவர் கோட்பாடு. அடிக்க விரும்புபவனுள் அடிபடும் விழைவும் உறைகிறது. ஆகவே எதிராளியின் இடத்தில் தன்னை இருத்திப் பார்க்குமாறு நோயாளியைத் தூண்டினார். தம்பதியர் பூசலை ஆராய்வோர்க்கு இக்கருத்து இன்றும் பயன் தரும்.

ஐரோப்பியரிடம் காணப்படும் அளவுக்குக் காயடிப்பு அச்சம் தம் இந்திய நோயாளிகளிடம் வெளிப்படவில்லை என்றும் 1929இல் எழுதினார். ஃபிராய்டு மரியாதையுடன் பதிலளித்தார், உடன்படவில்லை.

1931இல் ஃபிராய்டின் 75ஆம் பிறந்தநாளுக்குச் சங்கம் தந்த விஷ்ணு சிலையொன்றை அனுப்பியது. அயல்நாடுகளில் உளப்பகுப்பாய்வு ஈட்டிய வெற்றிகளை அது நினைவூட்டும் என்ற பொருளில் அவர் நன்றி எழுதினார்.

அச்சிலையைப் பற்றிப் பேசுமளவுக்கு அம்மறுப்பைப் பற்றி நாம் பேசுவதில்லை. நம்முன் அமர்ந்திருப்பவரின் சொல் கோட்பாட்டையே திருத்த வல்லது என்பதை உணர, பயிற்சி மாணவர் ஃபிராய்டுடன் போஸையும் பயில வேண்டும்.