ஓர் அளவுப்படம் மலையிறங்கிய கதை

கொல்லிமலையில் ஒரு மலையாளிப் பழங்குடி வீட்டை அளக்க மூன்று கட்டடக்கலை மாணவர்கள் வேண்டும். நாடாவின் முனைக்கு ஒருவராக இருவர், எழுத ஒருவர். படலில் மண் பூசிய சுவர், புல் வேய்ந்த கூரை. அப்படிப்பட்ட வீடு கிடைப்பதே இப்போது அரிது.

நீளமும் அகலமும் மட்டும் குறித்தால் படம் பொய் சொல்லும். இங்கே மூலைகள் மூலைமட்டத்துக்கு அடங்காது. மூலைவிட்டங்களையும் அளந்து, அறையை முக்கோணங்களாகப் பிரித்தால்தான் கோணல் சுவர் தாளில் தன் இடத்தில் நிற்கும். தரையின் ஏற்ற இறக்கம் பார்க்கக் கொத்தனாரின் டியூப் லெவல் போதும். அன்றிரவே 1:50 அளவில் போட்டுப் பார்த்துவிட வேண்டும். விட்டுப்போன ஓர் அளவுக்காக 70 கொண்டை ஊசி வளைவுகளை மறுபடி யார் ஏறுவது?

இந்தப் படத்துக்கு ஒரு முப்பாட்டன் உண்டு. தஞ்சாவூரில் பிறந்து பெங்களூரில் நீதிபதியாக இருந்த ராம் ராஸ், சிற்ப நூல்களைத் திரட்டி எழுதிய கட்டடக்கலை நூல், அவர் மறைந்தபின் 1834-இல் லண்டனில் 48 படத்தட்டுகளோடு வெளிவந்தது. அதில் தூண்கள் உண்டு, விமானங்கள் உண்டு; குடிசைக்கு இடமில்லை. 1964-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் பெர்னார்ட் ருடோஃப்ஸ்கி, கட்டடக்கலைஞர் இல்லாமலே எழுந்த கட்டடங்களுக்கென்று ஒரு கண்காட்சி வைத்தார். குடிசையும் பாடமானதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

கீழே இறங்கிய படம் ஆட்டோகேட் வரைமென்பொருளுக்குள் போகிறது. கோடுகளை நேராக மட்டும் போடவிடும் ஆர்த்தோவை அழுத்திவிட்டால் கோணல் சுவர் நிமிர்ந்துவிடும். நல்ல வழிகாட்டி அதை அங்கேயே பிடித்துவிடுவார். இரண்டாண்டு எம்.ஆர்க். படிப்பில் இந்தச் சுத்தமே பாதி மதிப்பு. முனைவர் பட்டத்துக்கு அது போதாது. "படம் சரி, கேள்வி என்ன?" என்பார்கள் ஆய்வுக் குழுவில். அப்போதுதான் மாணவர் வெப்பமானிகளோடு திரும்ப மலையேறுகிறார். இறவாரம் ஏன் அவ்வளவு தாழ்வு, நடுப்பகலில் உள்ளே எவ்வளவு குளிர்ச்சி, புல் மாற்ற எத்தனை ஆள் கூட வேண்டும்? என்னைக் கேட்டால் இந்தக் கடைசிக் கேள்விதான் முதன்மையானது. வேய ஆள் கூடாத ஊரில் எந்தப் புல் கூரையும் நிலைக்காது. வெப்பமானி அதைக் காட்டாது.

வாய்மொழித் தேர்வு முடிந்ததும் ஆய்வேடு, பல்கலைக்கழக மானியக் குழு விதியின் வழியில், சோத்கங்கா மின்களஞ்சியத்துக்குப் போகிறது. உலகில் எவரும் இறக்கிக்கொள்ளலாம், ஆங்கிலம் தெரிந்தால். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கு மட்டும் அது போவதில்லை. அங்கே இருப்பது பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டத்தின் அளவு: சமையலிடமும் சேர்த்துக் குறைந்தது 25 சதுர மீட்டர். சாமையும் கேழ்வரகும் ஏற்றிவைக்கும் பரணுக்கு என்ன உயரம் விட வேண்டும் என்று அந்த அலுவலகத்தின் பொறியாளர் கேட்டால், ஆய்வேட்டின் வெட்டுப்படத்தில் பதில் இருக்கிறது, மில்லிமீட்டரில்.