அப்டேட்டுக்குப் பிந்தைய திறன்பேசி இணைப்புச் சிக்கல்கள்: ஒரு வரலாறு

திறன்பேசியில் புதிய அப்டேட்டை நிறுவியதும் வைஃபை இணையாமல் போவது, செல்பேசிச் சேவை மறைந்துவிடுவது ஆகியவை பலருக்கும் பழகிய சிக்கல்கள். வெளியே தெரியும் அறிகுறி ஒன்றாகவே இருந்தாலும் காரணம் ஒரே இடத்தில் இருப்பதில்லை. 2012, 2014, 2020 ஆகிய ஆண்டுகளில் ஐபோன்களில் ஏற்பட்ட மூன்று நிகழ்வுகள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. முதல் நிகழ்வில் பிழை நிறுவனத்தின் சேவையகத்தில் இருந்தது. இரண்டாவதில் அப்டேட் அனுப்பப்பட்ட முறையில் இருந்தது. மூன்றாவதில் பிழை என்று ஏதும் இல்லை.

பின்னணி

2007-இல் ஐபோன் வெளிவந்தபோது அதன் மென்பொருளைப் புதுப்பிக்கக் கணினி தேவைப்பட்டது. தொலைபேசியைக் கம்பியால் கணினியோடு இணைத்து, ஐடியூன்ஸ் மென்பொருள் வழியாகப் புதுப்பிக்க வேண்டும். 2011 அக்டோபர் 12 அன்று வெளியான ஐஓஎஸ் 5 இந்நிலையை மாற்றியது. அதன் பிறகு அப்டேட்டுகளைக் கணினி இல்லாமல் தொலைபேசியிலேயே நேரடியாகப் பதிவிறக்க முடிந்தது.

இந்த வசதியோடு ஒரு சிக்கலும் சேர்ந்து வந்தது. அப்டேட் வருவது கம்பியில்லா இணைப்பின் வழியாக. அந்த அப்டேட்டே இணைப்பைத் துண்டித்துவிட்டால், அதைச் சரிசெய்யும் அடுத்த அப்டேட் வந்து சேரும் வழியும் அடைபட்டுவிடும்.

2012: காணாமல் போன பக்கம்

ஐஓஎஸ் 6 2012 செப்டம்பர் 19 அன்று வெளியானது. அதை நிறுவிய பலரால் வைஃபை மூலம் இணையத்தை அடைய முடியவில்லை. வீட்டு வலையமைப்பில் இணைந்தாலும் உள்நுழைவுச் சாளரம் ஒன்று திறந்து, 'பக்கம் கிடைக்கவில்லை' என்ற செய்தியைக் காட்டியது.

விடுதி, விமான நிலையம் போன்ற இடங்களில் வைஃபையைப் பயன்படுத்தும் முன் ஓர் உள்நுழைவுப் பக்கத்தைக் கடக்க வேண்டியிருக்கும். அப்படி ஒரு பக்கம் இருக்கிறதா என்பதை அறிய, ஐபோன் ஒவ்வொரு முறை வைஃபையில் இணையும்போதும் ஆப்பிள் நிறுவனத் தளத்தில் உள்ள ஒரு சிறு சோதனைப் பக்கத்தைக் கேட்கும். எதிர்பார்த்த பதில் வந்தால் இணையம் இருக்கிறது என்று பொருள். வேறு பதில் வந்தால் உள்நுழைவு தேவை என்று கருதிக்கொள்ளும். அன்று அந்தச் சோதனைப் பக்கம் தளத்தில் இல்லை. அதனால் எந்தத் தடையும் இல்லாத வீட்டு வலையமைப்பையும் தொலைபேசி தடையுள்ளதாக எடுத்துக்கொண்டது.

சில மணி நேரத்தில் ஆப்பிள் அந்தப் பக்கத்தை மீட்டது. தொலைபேசிகளும் வழக்கம்போல் இணைந்தன. பயனர் ரூட்டரை அணைத்துப் போட்டிருந்தாலும் கடவுச்சொல்லை மாற்றியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. பிழை அவர் கையில் இருந்த கருவியிலும் இல்லை, வீட்டிலும் இல்லை.

2014: ஒரு மணி நேர அப்டேட்

ஐஓஎஸ் 8 2014 செப்டம்பர் 17 அன்றும், ஐபோன் 6, ஐபோன் 6 பிளஸ் ஆகியவை இரு நாட்கள் கழித்தும் வெளிவந்தன. தொடக்கப் பிழைகளைத் திருத்துவதற்காக செப்டம்பர் 24 அன்று ஐஓஎஸ் 8.0.1 வெளியிடப்பட்டது. அதை நிறுவிய புதிய ஐபோன்களில் செல்பேசிச் சேவை அறவே நின்றது. கைரேகை உணரியும் வேலை செய்யவில்லை. அழைப்பும் குறுஞ்செய்தியும் இல்லாத நிலையில் தொலைபேசி தன் அடிப்படைப் பணியையே இழந்தது.

ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ஆப்பிள் அந்த அப்டேட்டைத் திரும்பப் பெற்றது. பாதிக்கப்பட்ட கருவிகள் 40,000-க்கும் குறைவு என்று அறிவித்தது. கணினியில் ஐடியூன்ஸ் வழியாக ஐஓஎஸ் 8-ஐ மீண்டும் நிறுவிக்கொள்ளுமாறு பயனர்களுக்கு வழிகாட்டியது. மறுநாளே ஐஓஎஸ் 8.0.2 வந்தது. குறை மென்பொருளில் இல்லை, அதைத் தொகுத்து அனுப்பிய முறையில் இருந்தது என்று நிறுவனத் தரப்பு பின்னர் விளக்கியது.

2011-இல் தேவையற்றுப் போன கணினியும் கம்பியும் இந்த நிகழ்வில் மீண்டும் தேவைப்பட்டன.

2020: பிழையல்லாத சிக்கல்

வைஃபையில் இணையும் ஒவ்வொரு கருவிக்கும் மேக் முகவரி என்னும் 48 பிட் அடையாள எண் உண்டு. அது மாறாமல் இருந்ததால், கருவி வைத்திருப்பவர் எங்கெங்கு செல்கிறார் என்பதைப் பின்தொடர அதைப் பயன்படுத்த முடிந்தது. இதைத் தடுக்க, வலையமைப்புக்கு வலையமைப்பு வேறு முகவரியைக் காட்டும் முறை வந்தது. 2019-இல் ஆண்ட்ராய்டு 10-உம், 2020 செப்டம்பரில் ஐஓஎஸ் 14-உம் இதை இயல்பு அமைப்பாக்கின.

தனியுரிமைக்கு இது நல்ல மாற்றம். ஆனால் கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் பதிவுசெய்த முகவரிகளுக்கு மட்டும் அனுமதி தரும் வலையமைப்புகள் உண்டு. புதிய முகவரியோடு வரும் பழைய தொலைபேசி அவற்றுக்கு அறிமுகமில்லாத கருவியாகிவிடும். இங்கே தொலைபேசியும் வலையமைப்பும் தத்தம் விதிப்படி சரியாகவே இயங்குகின்றன. அந்த வலையமைப்புக்கு மட்டும் தனிப்பட்ட முகவரி அமைப்பை அணைப்பது அல்லது புதிய முகவரியைப் பதிவுசெய்வது தீர்வாகும்.

சரிபார்க்கும் வரிசை

இணைப்பு போனதும் பலர் முதலில் நாடுவது வலையமைப்பு அமைப்புகளை மீட்டமைப்பதைத்தான். சேமித்த அமைப்புகள் பழுதாகியிருந்தால் இது பயன்படும். மேலே கண்ட 2012, 2014 நிகழ்வுகளில் இது எதையும் தீர்த்திருக்காது. மேலும் சேமித்த வைஃபை கடவுச்சொற்களும் விபிஎன் அமைப்புகளும் இதனால் அழிந்துவிடும். எனவே காரணம் எங்கே என்று முதலில் பிரித்தறிவது நல்லது.

அதே வைஃபையில் வேறு கருவி இணைகிறதா என்று பார்க்க வேண்டும். இணையாவிட்டால் ரூட்டரிலோ இணையச் சேவையிலோ குறை இருக்கலாம். இணைந்தால், அதே அப்டேட்டை நிறுவிய பிறருக்கும் இச்சிக்கல் உள்ளதா என்று அறிய வேண்டும். பரவலான சிக்கல் என்றால் நிறுவனத்தின் திருத்தத்திற்குக் காத்திருப்பதே பெரும்பாலும் வழி. ஒரு வலையமைப்பில் மட்டும் சிக்கல் என்றால் அதை நீக்கிவிட்டு மீண்டும் இணைத்து, மேக் முகவரி அமைப்பையும் பார்க்கலாம். இவற்றுக்குப் பிறகே மீட்டமைப்பை நாட வேண்டும். அதுவும் பயன்தராவிட்டால் வன்பொருள் பழுதாகவும் இருக்கக்கூடும். அப்டேட்டுக்குப் பின் வந்த கோளாறெல்லாம் அப்டேட்டால் வந்தது ஆகாது.

அப்டேட்டுகள் பாதுகாப்புக் குறைகளை அடைப்பதால் அவற்றைத் தவிர்ப்பது தீர்வல்ல. தொலைபேசி ஒன்றையே நம்பியிருப்பவர் நிறுவுவதற்கு முன் தரவுகளை வேறிடத்தில் சேமித்துக்கொள்வதும், அவசர அழைப்பு தேவைப்படக்கூடிய நேரத்தில் நிறுவாமல் தள்ளிப்போடுவதும் 2014 நிகழ்வு தரும் பாடங்கள்.