சொசைட்டி என்றால் எது?

மும்பையில் இருந்துவிட்டு வந்தவர்கள் நம் குடியிருப்பில் "சொசைட்டி மெயின்டனன்ஸ் கட்டியாச்சா?" என்று கேட்பதைக் கேட்டிருப்பீர்கள். இங்கே வயல் வைத்திருப்பவருக்கு சொசைட்டி என்றால் பயிர்க்கடனும் உரமும் கிடைக்கும் இடம். மாடு வைத்திருப்பவருக்குப் பால் ஊற்றும் இடம். காஞ்சிபுரத்தில் தறி வைத்திருப்பவருக்கோ அது பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம்தான். சொல் ஒன்று, போகிற வாசல் வேறு வேறு.

மூலம் லத்தீன். 'சோசியஸ்' என்றால் துணைவன், கூட்டாளி. வீரமாமுனிவர் சேர்ந்திருந்த இயேசு சபைக்கும் ஆங்கிலப் பெயர் சொசைட்டிதான். 1882-இல் அடையாறுக்கு வந்த பிரம்மஞான சபைக்கும் அதே பெயர். படித்தவர்கள் கூடிப் பேசும் சபைகளாக இருந்த சொசைட்டி நம் பக்கம் காசு, கடன் என்று இறங்கி வந்தது 1904-இல். அதற்கு வழிபோட்டவர் பிரெடரிக் நிக்கல்சன். சென்னை அரசு அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பி, அங்கே குடியானவர்கள் கந்துவட்டியிலிருந்து எப்படித் தப்பினார்கள் என்று பார்த்துவரச் சொன்னது.

1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் விவசாயிகளின் சங்கம் அதே ஆண்டில் பிறந்தது. அக்டோபரில், நாட்டிலேயே முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது. எந்த ஊரில் தெரியுமா? நம் காஞ்சிபுரத்தில்! வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமை வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சட்டம் கடனுக்கு மட்டும்தான். 1912-இல் வந்த சட்டம்தான் உற்பத்தி, விற்பனை என்று மற்ற வேலைகளுக்கும் சங்கம் வைக்க வழிவிட்டது. 1935-இல் கோ-ஆப்டெக்ஸ் வந்தது. காஞ்சிபுரத்திலும் பட்டுச் சங்கங்கள் வளர்ந்தன. சங்கம் பட்டும் ஜரிகையும் கொடுக்கும். உறுப்பினர் வீட்டுத் தறியில் நெய்து, சேலையைக் கொண்டுபோய்க் கொடுத்துக் கூலி வாங்குவார். தனியார் முதலாளியிடம் நெய்தாலும் நடப்பது ஏறக்குறைய இதேதான். ஆனால் சங்கத்தில் நெய்பவருக்குப் பங்கு உண்டு, ஓட்டு உண்டு. கம்பெனியில் பங்குக்குத் தகுந்த ஓட்டு. கூட்டுறவில் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு. அதனால்தானோ என்னவோ, நெசவாளர்கள் "எங்க சொசைட்டி" என்றே சொல்வார்கள். நம் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் "சொசைட்டி ஏன் தண்ணித் தொட்டி கழுவலை?" என்று, யாரோ வெளியாளைக் கேட்பதுபோலக் கேட்கிறோம்.

மும்பைக்காரர்கள் சொல்வதும் தப்பில்லை. மகாராஷ்டிரத்தில் அடுக்குமாடி வீட்டார் பெரும்பாலும் 1960-ஆம் ஆண்டு கூட்டுறவுச் சட்டத்தின் கீழ் பதிவான சொசைட்டிகள். தமிழ்நாட்டில் கதை வேறு. இங்கே பல குடியிருப்போர் சங்கங்கள் 1975-ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் இருக்கின்றன. கூட்டுறவுச் சங்கங்களுக்கு 1983-ஆம் ஆண்டுச் சட்டம் தனி. அடுக்குமாடி உரிமைக்கென்றே 1994-இல் ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 2022-இல் புதுச் சட்டம் இயற்றப்பட்டது. பொதுச் சொத்தைப் பராமரிக்க வீட்டு உரிமையாளர்கள் சங்கம் அமைப்பது பற்றி அது விரிவாகச் சொல்கிறது.

ஆகவே அடுத்த பொதுக்குழுவுக்கு வரும்போது, நம் சங்கம் எந்தச் சட்டத்தில் பதிவாகியிருக்கிறது, ஒரு வீட்டுக்கு எத்தனை ஓட்டு என்று செயலாளரிடம் கேளுங்கள். பைலாவின் நகலையும் ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.