இளையோர் ஊழியக் கல்வியும் தொழில்வாய்ப்பும்: ஸ்பிரிங்ஃபீல்டு பயிற்சிப் பள்ளியை முன்வைத்து

முன்னுரை

இளைஞரிடையே சமயப்பணி ஆற்றுவதற்கெனத் தனிக் கல்வி பயில்வோர் பின்னர் எத்தொழிலில் நிலைபெறுவர் என்னும் வினா இன்றும் எழுப்பப்படுகிறது. திருச்சபையில் ஒரு பணியிடம் என்பதே இதற்கு வழக்கமாகக் கூறப்படும் விடை. அக்கல்வியின் தொடக்ககால வரலாறு இதனினும் விரிவான விடையைத் தருகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் 1885இல் நிறுவப்பட்ட கிறித்தவப் பணியாளர் பள்ளியை முன்வைத்து அவ்விடையை இக்கட்டுரை ஆராய்கிறது.

செயலர் என்னும் தொழில்

துணிக்கடைப் பணியாளரான ஜார்ஜ் வில்லியம்ஸ் 1844இல் இலண்டனில் தொடங்கிய கிறித்தவ இளைஞர் சங்கம் (ஒய்.எம்.சி.ஏ.) 1851இல் பாஸ்டன் நகரில் கிளைவிட்டது. வேலை தேடி நகரங்களுக்கு வந்த இளைஞர்க்கு வேதபாட வகுப்பு, படிப்பகம், உடற்பயிற்சிக்கூடம் முதலியவற்றைச் சங்கங்கள் அமைத்தன. இவற்றை நடத்த முழுநேரச் செயலர்கள் தேவைப்பட்டனர். இறையியல் கல்லூரிகளோ குருப்பட்டத்திற்குரியவர்களை உருவாக்குவதையே முதன்மை நோக்கமாகக் கொண்டிருந்தன. டேவிட் ஆலன் ரீட் என்னும் போதகர் நிறுவிய ஸ்பிரிங்ஃபீல்டு பள்ளி, குருப்பட்டம் பெறாத பொதுநிலையினரைச் சங்கச் செயலர்களாகவும் ஞாயிறு பள்ளிக் கண்காணிப்பாளர்களாகவும் பயிற்றியது. ஆகவே, இக்கல்வி தோன்றியபோதே ஊதியம் பெறும் ஒரு தொழிலை இலக்காகக் கொண்டிருந்தது எனலாம்.

விரிவடைந்த வாய்ப்புகள்

1887 முதல் லூதர் ஹால்சி குலிக் இப்பள்ளியின் உடற்பயிற்சித் துறையை வளர்த்தார். ஆன்மா, அறிவு, உடல் ஆகிய மூன்றும் இணைந்ததே முழு மனிதன் என்னும் அவரது கருத்தே சங்கத்தின் முக்கோணச் சின்னமாயிற்று. இக்கருத்து பாடத்திட்டத்துடன் பயின்றோரின் வாழ்க்கைப் போக்கையும் மாற்றியது. மான்ட்ரியலில் இறையியல் பயின்ற ஜேம்ஸ் நைஸ்மித், 1891 டிசம்பரில் இங்குக் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கினார். பின்னர் மருத்துவப் பட்டமும் பெற்று, 1898இல் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் வழிபாட்டுக்கூட இயக்குநராகவும் உடற்கல்வி ஆசிரியராகவும் அமர்ந்தார். யேல் பல்கலைக்கழகத்தில் இறையியல் பயின்ற அமோஸ் அலோன்சோ ஸ்டாக், ஸ்பிரிங்ஃபீல்டு வழியாக 1892இல் சிகாகோ பல்கலைக்கழகத்தை அடைந்து நாற்பதாண்டுகள் விளையாட்டுப் பயிற்சியாளராக விளங்கினார். இங்குப் பயின்ற வில்லியம் மார்கன், ஹோலியோக் நகரச் சங்கத்தில் பணியாற்றியபோது 1895இல் கைப்பந்தாட்டத்தை வகுத்தார். நைஸ்மித்திடம் வழிபாடும் விளையாட்டும் ஒரே பதவியில் இணைந்திருக்க, ஸ்டாக்கிடம் விளையாட்டே தொழிலாக நிலைத்தமை நோக்கத்தக்கது.

சென்னைத் தொடர்பு

இம்மரபு தமிழகத்தையும் எட்டியது. சென்னையில் கிறித்தவ இளைஞர் சங்கம் 1890இல் தொடங்கப்பட்டது. ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் 1920இல் இங்கு உடற்கல்விப் பயிற்சிப் பள்ளியை நிறுவினார். இன்று அது நந்தனத்தில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியாகத் திகழ்கிறது. அதில் பயிற்சி பெற்றோர்க்குப் பள்ளி, கல்லூரி விளையாட்டுத் திடல்களே பணிக்களமாயின. அதற்குக் கிறித்தவராக இருக்கவேண்டிய தேவையும் எழவில்லை. ஊழியத்திற்கென உருவான கல்வி, ஓர் ஆசிரியத் தொழிலின் அடித்தளமாயிற்று.

முடிவுரை

தமிழில் 'ஊழியர்' என்னும் சொல் சபைப் பணியாளரையும் அரசுப் பணியாளரையும் ஒருங்கே குறிக்கும். ஸ்பிரிங்ஃபீல்டின் வரலாறு இவ்விரு பொருள்களுக்கும் இடையே நிகழ்ந்த நகர்வாகும். நிர்வாகம், உடற்கல்வி, குழு வழிநடத்தல் ஆகிய எங்கும் பயன்படும் திறன்களைக் கற்பித்தமையால் அதன் மாணவர்க்குத் திருச்சபைக்கு வெளியேயும் வாழ்வு அமைந்தது. அதே விரிவு, கல்வியின் சமய நோக்கைப் படிப்படியாகப் பின்னுக்குத் தள்ளியது. எனவே, இளையோர் ஊழியக் கல்வியின் தொழில்வாய்ப்பை மதிப்பிடுவோர், கிடைக்கும் பணியிடங்களைக் கணக்கிடுவதோடு அமையாது, அப்பணியிடங்களில் ஊழியம் எவ்வடிவில் எஞ்சுகிறது என்பதையும் ஆராய்தல் வேண்டும்.