வெட்டக் கூடாத காடு

சுவிஸின் ஆந்தர்மாட் ஊருக்கு மேலே, மொட்டைச் சரிவின் நடுவே, முக்கோணமாக ஒரு துண்டுக் காடு நிற்கிறது. அது பிழைத்து நிற்பதற்குக் காரணம் 1397இல் ஊரார் எழுதிவைத்த கட்டுப்பாடு. அந்தக் காட்டில் மரம் வெட்டக் கூடாது. கிளை ஒடிக்கக் கூடாது. விழுந்து கிடக்கும் கூம்புக் காயைக்கூட எடுக்கக் கூடாது. அவ்வளவு குளிரில், கண்முன்னே விறகை வைத்துக்கொண்டு தொடாமல் இருப்பது லேசுப்பட்ட காரியமா?

டாவோஸில் ஹோட்டல் சமையலறையில் வேலை செய்யும் எனக்கு இந்த நாட்டுச் சரித்திரத்திலேயே பிடித்த இடம் இதுதான். காடு நின்றால் பனி நிற்கும் என்று அந்தக் குடியானவர்கள் கண்டுகொண்டார்கள். கண்டதோடு விடாமல் தங்கள் கையைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். எனக்கு இரண்டாவதுதான் பெரிசு.

எங்கள் பக்கத்து ஃப்ராவன்கிர்ஷ் தேவாலயத்துக்கு மலைப் பக்கச் சுவர் ஆப்பு வடிவில் கூராக இருக்கும். பனி வந்தால் அதில் மோதி இரண்டாகப் பிரிந்து போகட்டும் என்ற ஏற்பாடு. இப்படி ஊருக்கு ஊர் தனித்தனியாகச் சமாளித்துக்கொண்டிருந்ததை நாட்டின் கணக்காக ஆக்கியவர் யோஹான் கோவாட்ஸ் என்ற வன அதிகாரி. 1850இல் பிட்ஸ் பெர்னினா சிகரத்தில் முதலில் ஏறியவரும் இவரே. ஆல்ப்ஸின் பனிச்சரிவுகளைப் பற்றி 1881இல் தனிப் புத்தகமே போட்டார்.

பனியின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க 1936இல் டாவோஸுக்கு மேலே, 2,662 மீட்டர் உயர வைஸ்ஃப்ளூயோக்கில், ஒரு குடிசைக்குள் ஆராய்ச்சியாளர்கள் உட்கார்ந்தார்கள். நிலத்தை ஒட்டிய பனி ஏறக்குறைய பூஜ்ஜியம் டிகிரியில் இருக்கும். மேற்பரப்பு அதைவிட எவ்வளவோ குளிர்ந்திருக்கும். அந்த வித்தியாசத்தால் ஈரம் ஆவியாகி மேலே ஏறி, அடிப்பனியைப் பெரிய பரல்களாக மாற்றிவிடும். ஆனையிறவு உப்பைக் கொட்டினால் ஒன்றோடொன்று ஒட்டாமல் உருளுமே, அதே மாதிரி. அதன் மேல் புதுப்பனி கெட்டிப் பலகையாகப் படிந்து, சரிவும் 30 டிகிரியைத் தாண்டிவிட்டால், பலகை உடைந்து சரிய ஒரு ஆளின் பாரம் போதும்.

1950–51 குளிர்காலத்தில் சுவிஸில் பனிச்சரிவுகளில் 98 பேர் செத்தார்கள். ஜனவரி 20 அன்று வால்ஸ் கிராமத்தில் மட்டும் 19 பேர். காட்டைக் காத்த ஆந்தர்மாட்டிலும் 13 பேர். ஒரு காடு எல்லாச் சரிவுக்கும் காவல் இருக்க முடியாதே. அதன் பிறகுதான் மலையெங்கும் இரும்புத் தடுப்புகள் எழும்பின. இன்றைக்கு அவற்றின் மொத்த நீளம் 500 கிலோமீட்டருக்கு மேல். எந்த இடத்தில் வீடு கட்டலாம், எங்கே கூடாது என்று வரைபடமும் வந்தது. 1999இல் மறுபடி அதே அளவு பெரும்பனி கொட்டியபோது இறந்தவர்கள் 17 பேர். ஊர் வென்றுவிட்டது என்றே சொல்வேன்.

ஆனால் சனம் இப்போது பனியைத் தேடிப் போகிறது. இந்நாளில் சாகிறவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சறுக்குப் பாதைக்கு வெளியே, திறந்த மலையில் போனவர்கள். பெரும்பாலும் அவர்களோ கூட வந்தவர்களோ கால் வைத்துத்தான் அந்தப் பனிப் பலகை உடைகிறது. போர்க்காலத்தில் ராணுவம் தன் ஆட்களுக்காகத் தொடங்கிய எச்சரிக்கை அறிக்கையை 1945 முதல் டாவோஸ் பனி ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடுகிறது. காலையில் எங்கள் விருந்தாளிகள் கோப்பியோடு அதைக் கைப்பேசியில் பார்க்கிறார்கள். அதிகாரிகள் சாலையை மூடலாம், வீட்டை விட்டு வெளியேறச் சொல்லலாம். திறந்த சரிவில் ஏறாதே என்று அறிக்கை யாருக்கும் உத்தரவு போடுவதில்லை. ஆபத்து ஐந்து படிகளில் எந்தப் படி என்று சொல்லும், அவ்வளவுதான். “மூன்றுதானே!” என்று சொல்லிக்கொண்டு பூட்ஸை மாட்டுகிறவர்களை ஒவ்வொரு குளிர்காலமும் பார்க்கிறேன். ஐந்தில் மூன்று என்றால் நடுத்தரம் என்பது அவர்கள் கணக்கு. அதிகம் பேர் சாவது அந்த மூன்றில்தான்.